கொடைப் படங்களை எங்கே போடுவது: கூகுள் ஆல்பமா, வேர்ட்பிரஸா, பிவிகோவா, வெறும் பக்கங்களா?

ஊர்க் கோயில் கொடைத் திருவிழாப் படங்களையும் குடும்பப் படங்களையும் ஒழுங்குபண்ணி, சொந்தமாக ஒரு இணையதளத்தில் போட வேண்டும் என்று நினைக்கிறவர்கள் நம்ம திருநெல்வேலிப் பக்கம் இப்போது நிறையப் பேர். மும்பையிலும் சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். ஊரில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு தம்பியின் தலையில் பொறுப்பு வந்து விழுகிறது. அவன் முதலில் கேட்பது, "அண்ணாச்சி, வேர்ட்பிரஸ்ல போடட்டா, கூகுள் ஆல்பமே போதுமா?" என்றுதான்.

என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. படத்தில் இருப்பது யார், எந்த வருஷம், எந்த ஊர் என்ற விவரத்தை எங்கே எழுதி வைப்பது என்பதுதான் முதல் கேள்வி. அதைச் சரியாக முடிவுபண்ணிவிட்டால் தளத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அதை விட்டுவிட்டால், எவ்வளவு அழகான தளம் போட்டாலும் கொஞ்ச வருஷத்தில் பெயர் தெரியாத முகங்கள்தான் மிஞ்சும்.

விவரத்தை எழுத மூன்று இடம் இருக்கிறது: ஃபோல்டரின் பெயர், ஏதாவது ஒரு மென்பொருள் தனக்கென்று தனியாக வைத்துக்கொள்ளும் கணக்கு, படக் கோப்பின் உள்ளே.

ஃபோல்டர் முறை எல்லாருக்கும் தெரிந்தது. செலவில்லை, கற்றுக்கொள்ளவும் ஒன்றுமில்லை. '2018-10 தாமிரபரணி புஷ்கரம்', '2025-07 ஆனித் தேரோட்டம்' என்று வருஷத்தையும் மாதத்தையும் எண்ணாக முன்னால் போட்டால், எந்தக் கணினியிலும் தானாகவே வரிசையில் நிற்கும். மாதத்தைத் தமிழ்ப் பெயரால் தொடங்கினால் அகர வரிசைப்படி ஆடியும் ஆனியும் முதலில் வந்து, சித்திரை கார்த்திகைக்குப் பின்னால் போய்விடும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வில்லுப்பாட்டு மேடைக்குப் பக்கத்தில் பெரியப்பா பேரனைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். அந்தப் படம் கொடை ஃபோல்டருக்கா, பெரியப்பா ஃபோல்டருக்கா, பேரன் ஃபோல்டருக்கா? மூன்றிலும் ஒரு பிரதி போட்டு வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கொஞ்ச நாளில் எது மூலம், எது நகல் என்றே தெரியாமல் போய்விடும். ஃபோல்டருக்குத் தேதியும் நிகழ்ச்சியும் மட்டும் போதும். ஆள் பெயரை அதில் ஏற்ற வேண்டாம்.

மென்பொருளின் கணக்கில் எழுதினால் என்ன ஆகும் என்பதற்குப் பிக்காசா என்ற பட மென்பொருளே சாட்சி. அதைக் கூகுள் 2016-இல் நிறுத்தியது. பிக்காசாவில் ஜேபெக் படத்துக்குக் கீழே எழுதிய தலைப்பு கோப்புக்குள்ளேயே பதிந்தது. அதனால் அப்படி எழுதியவர்களுக்கு இன்றைக்கு எந்த மென்பொருளில் திறந்தாலும் அந்த வரி இருக்கும். முகத்துக்குக் கொடுத்த பெயர்கள் அப்படியில்லை. தனியாக ஒரு அமைப்பை மாற்றி வைத்திருந்தாலொழிய, அவை பக்கத்தில் இருந்த வேறு சிறு கோப்புகளில்தான் போய் உட்கார்ந்தன. படங்களை மட்டும் புதுக் கணினிக்கு எடுத்துப் போனவர்களுக்குத் தலைப்பு வந்தது, பெயர்கள் வரவில்லை. ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து நூற்றுக்கணக்கான முகத்துக்குப் பெயர் போட்ட ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

கூகுள் போட்டோஸிலும் கவனிக்க வேண்டிய விஷயம் இதுவே. தேடுவதில் அதற்கு ஈடு கிடையாது. 'அருவி' என்று போட்டால் பாபநாசத்துப் படங்களை எடுத்துத் தருகிறது, குழந்தையின் முகத்தை வைத்தே வளர வளர அடையாளம் காண்கிறது. ஆனால் அங்கே நீங்கள் எழுதும் விளக்கம் படத்துக்குள் போவதில்லை. மொத்தமாகத் தரவிறக்கும்போது ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஒரு தனிச் சிறு கோப்பாக வருகிறது. அதைத் திரும்பப் படத்தோடு சேர்க்க ஒரு விவரமான ஆள் வேண்டும். இடமும் முன்னே மாதிரி இல்லை. 2015-இல் தொடங்கியபோது அளவைக் கொஞ்சம் குறைத்த படங்களை எவ்வளவு வேண்டுமானாலும் இலவசமாக வைக்கலாம் என்றிருந்தது. 2021 ஜூன் 1 முதல் மெயில், டிரைவ், படம் மூன்றுக்கும் சேர்த்தே 15 ஜிபிதான். ஃபோனில் எடுப்பதற்கு உடனடிப் பிரதியாக அதை வைத்துக்கொள்ளலாம். மூலமாக நம்பி இருப்பது சரியில்லை.

மூன்றாவது வழி, விவரத்தைப் படத்துக்குள்ளேயே எழுதுவது. கேமரா எடுக்கும் ஒவ்வொரு ஜேபெக் படத்திலும் தேதி, நேரம், லென்ஸ் எல்லாம் எக்ஸிஃப் என்ற பகுதியில் ஏற்கெனவே பதிந்திருக்கும். அதே கோப்பில் தலைப்பு, தேடுவதற்கான குறிச்சொல், ஆள் பெயர் எழுதவும் இடம் இருக்கிறது. டிஜிகாம் என்ற இலவச மென்பொருள் விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் ஓடும். முகம் அடையாளம் காண்பதையும் உங்கள் கணினிக்குள்ளேயே செய்யும், எந்தப் படமும் வெளியே போகாது. முதல் முறை திறக்கும்போது விவரத்தைக் கோப்புக்குள் எழுதட்டுமா என்று கேட்கும். அங்கே ஆமாம் என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் அதுவும் தன் கணக்கிலேயே வைத்துக்கொள்ளும், பிக்காசா கதைதான்.

தமிழில் எழுதுகிறவர்கள் கவனிக்க ஒன்று இருக்கிறது. கோப்புக்குள் எழுதுவதற்கு ஐபிடிசி என்ற பழைய முறையும் எக்ஸ்எம்பி என்ற புதிய முறையும் உண்டு. பழைய முறையில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட்தான் இடம். யூனிகோடில் தமிழ் எழுத்து ஒன்றுக்கு 3 பைட், மேலே ஏறும் கொம்பும் புள்ளியும் தனியாக இன்னொரு 3 பைட். 'குறுக்குத்துறை முருகன் கோயில்' என்று எழுதினாலே 83 பைட் ஆகிவிடுகிறது, பாதியில் வெட்டுப்படும். எக்ஸ்எம்பியில் அந்த வரம்பு இல்லை. அதனால் குறிச்சொல்லைச் சின்னதாக 'குறுக்குத்துறை' என்று வைத்துக்கொண்டு, நீளமானதை விளக்கத்தில் எழுதினால் இரண்டு பக்கமும் பிழைக்கும்.

எனக்குச் சந்தேகமே இல்லை, மூன்றாவது வழிதான். ஃபோல்டரில் தேதி, படத்துக்குள் பெயர். மற்றதெல்லாம் வசதிக்கு.

இனி அந்தப் பெயர்களை எப்படிச் சேர்ப்பது என்பது. இதை விரித்துச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, மொத்த வேலையிலும் அருமையான பகுதி இதுதான். எங்கள் ஆச்சியின் பக்கத்தில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஸ்கேன் பண்ணிய ஒரு கல்யாணப் படம். பந்தக்காலுக்குப் பக்கத்தில் ஏழெட்டுப் பெண்கள்.

"இது யாரு ஆச்சி, காதுல பாம்படம் போட்டிருக்கிறது?"

"அது உங்க தாத்தாவுக்கு அக்கா. களக்காட்டுல கெட்டிக் குடுத்தது."

"பக்கத்துல?"

"அவ மருமக. உனக்கு அத்தை முறைல்லா. இந்தச் சீலை நான் குடுத்தது."

முகம் மங்கிப்போன இடத்தில் ஆச்சி காதைப் பார்த்தாள், சீலைக் கரையைப் பார்த்தாள், நிற்கிற விதத்தைப் பார்த்தாள். எந்த முக அடையாள மென்பொருளும் இதைச் செய்யாது. நான் அப்படியே தட்டச்சு செய்தேன்: 'இடமிருந்து மூன்றாவது, தாத்தாவின் அக்கா, களக்காடு.' முறையை எழுதும்போது யாருக்கு முறை என்பதையும் எழுத வேண்டும். 'அத்தை' என்று மட்டும் போட்டால் என் பிள்ளை படிக்கும்போது அது வேறு ஆளாகிவிடும். சொந்தப் பெயரும், யாருடைய மகள் என்பதும் கட்டாயம். தட்டச்சு தெரியாவிட்டால் ஆச்சி பேசுவதை ஃபோனில் பதிவு செய்துகொண்டு, ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் அதன் எண்ணை ஒரு தடவை சத்தமாகச் சொல்லிவிட்டால் போதும். அப்புறம் நிதானமாக எழுதிக்கொள்ளலாம்.

ஸ்கேன் பண்ணிய படத்தில் பதிந்திருக்கும் தேதி ஸ்கேன் பண்ணிய நாள்தான். அதை மாற்றாவிட்டால் 1970-களின் கல்யாணம் போன மாதத்துக் கொடையோடு போய் நிற்கும். வருஷம் மட்டும் தெரிந்தால் அந்த வருஷத்து ஜனவரி 1 என்று போட்டுவிட்டு, 'நாள் தெரியாது' என்று விளக்கத்தில் எழுதலாம். நம்ம பக்கத்துப் பெரியவர்கள் வருஷத்தை எண்ணால் சொல்வது குறைவு. '92 வெள்ளத்துக்கு முந்தி, இன்னார் பிறந்த பிறகு' என்பார்கள். அதையும் அப்படியே எழுதி வையுங்கள், பின்னால் வேறொரு படத்தோடு ஒப்பிட்டு வருஷத்தைக் கண்டுபிடிக்க உதவும்.

வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் இன்னொரு தலைவலி. படமாக அனுப்பினால் அளவும் குறையும், உள்ளே இருந்த எக்ஸிஃப் விவரமும் போய்விடும். கோப்பின் பெயரில் இருக்கும் தேதி கைமாறிய தேதியே தவிர எடுத்த தேதி இல்லை. துபாயில் இருக்கும் அத்தான் பழைய கொடைப் படங்களை இன்றைக்கு அனுப்பினால் எல்லாம் இன்றைய தேதியில்தான் வரும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள், கோப்பு மாறாமல் அப்படியே வரும். அதேபோல் தேரோட்டத்தை மூன்று பேர் எடுத்திருந்தால் மூன்று கேமராவின் கடிகாரமும் ஒத்துப்போகாது. ஒரு கேமராவில் தேர் நிலைக்கு வந்த பிறகு வடம் பிடிக்கிற மாதிரி வரிசை கலங்கும். மூன்றிலும் பதிந்த ஒரே தருணத்தைத் தேடி எடுத்து, எத்தனை நிமிடம் வித்தியாசம் என்று பார்த்து, டிஜிகாமில் மொத்தமாக நேரத்தைத் தள்ளிவிடலாம்.

சரி, இப்போது தளத்துக்கு வருவோம்.

எந்த வழியில் போனாலும் பார்க்கிறவர் கையில் இருப்பது ஃபோன்தான். 12 மெகாபிக்சல் படம் ஒன்று சுமாராக 4 எம்பி இருக்கும். ஒரு பக்கத்தில் 40 படத்தை அப்படியே போட்டால் 160 எம்பி. நீளப் பக்கத்தை 1600 பிக்சலாகக் குறைத்தால் ஒன்று 300 கேபி அளவுக்கு வரும், 40 படமும் சேர்ந்து 12 எம்பிதான். மாஞ்சோலைப் பக்கம் சிக்னல் வந்து வந்து போகிற இடத்தில் இருக்கிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிது. ஐஃபோனில் எடுத்ததை ஜேபெக்காக மாற்றிய பிறகே போட வேண்டும். 2017-இலிருந்து அதில் வருகிற புதிய வடிவம் பல உலாவிகளில் திறக்காது. மூலத்தை வீட்டில் வையுங்கள், தளத்துக்குச் சிறியது போதும்.

கூகுள் ஆல்பத்தைப் பகிர்வது வீட்டு விசேஷத்துக்குச் சரி. கல்யாணம் முடிந்த அன்றைக்கே இணைப்பை அனுப்பிவிடலாம், வந்தவர்களும் தங்கள் படத்தைச் சேர்க்கலாம். ஆனால் அது உங்கள் தளம் இல்லை, உங்கள் முகவரி இல்லை, இணைப்பு யார் கைக்குப் போனாலும் பார்க்க முடியும். ஃப்ளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளம் 2004-இலிருந்து இருக்கிறது. கூந்தன்குளத்துச் செங்கால் நாரையையும் கூழைக்கடாவையும் எடுத்துப் பறவை ஆர்வலர்களோடு பேச விரும்புகிறவர்களுக்கு இன்றைக்கும் நல்ல இடம். இலவசக் கணக்கில் 1000 படம் என்று 2019-இல் வரம்பு வைத்துவிட்டார்கள்.

சொந்தத் தளம் என்றால் உண்மையான போட்டி மூன்றுக்கு இடையில்தான்.

தளம் நடத்துகிற மென்பொருள்களில் வேர்ட்பிரஸ் எல்லாருக்கும் தெரிந்த பெயர், தமிழில் நன்றாக ஓடும், உதவி கேட்டால் சொல்ல ஆள் கிடைக்கும். ஆனால் அது கட்டுரைக்காகப் பிறந்தது, படத்துக்காக இல்லை. ஒரு பெரிய படத்தை ஏற்றினால் 150 பிக்சலில் தொடங்கி 2560 பிக்சல் வரை ஏழு அளவுகளில் நகல் எடுத்து வைக்கும். மூலமும் அங்கேயே இருக்கும். ஆயிரம் படம் போட்டால் எட்டாயிரம் கோப்பு, தளத்துக்காக வாடகைக்கு எடுத்த ஹோஸ்டிங் இடம் அதிலேயே தீரும். அந்த மூலத்துக்குள் ஜிபிஎஸ் இருந்தால், படத்தைத் தரவிறக்குகிற யாரும் உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். தளத்துக்கு ஏற்றும் பிரதியில் இட விவரத்தை நீக்கிவிடுவது எல்லா வழிக்கும் பொதுவான விதி, வேர்ட்பிரஸில் கூடுதல் கவனம் வேண்டும். அப்புறம் மாதா மாதம் புதுப்பிப்பு. புதுப்பிக்காமல் கிடக்கிற வேர்ட்பிரஸ் தளத்துக்குள் விஷமிகள் நுழைவது அன்றாடம் நடப்பது. கிருஷ்ணாபுரம் சிற்பங்களைப் பற்றி நாலு பக்கம் எழுதி நடுவில் பத்துப் படம் வைக்கப் போகிறீர்கள் என்றால் வேர்ட்பிரஸை எடுங்கள். படம் மட்டும்தான் என்றால் வேண்டாம்.

பிவிகோ படத்துக்கென்றே எழுதிய இலவச மென்பொருள், 2002-இலிருந்து இருக்கிறது. சாதாரண ஹோஸ்டிங்கில், பிஎச்பி என்ற நிரல்மொழியும் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளமும் இருந்தால் ஓடும். ஆல்பத்துக்குள் ஆல்பம், குறிச்சொல், தேதி வாரியான பட்டியல் எல்லாம் உண்டு. கோப்புக்குள் எழுதிய ஐபிடிசி விவரத்தையும் படிக்க வைக்கலாம், அமைப்பில் அதை இயக்கிவிட வேண்டும். நமக்கு முக்கியமானது அதன் பூட்டு. இந்த ஆல்பம் எல்லாருக்கும், இது கொடைக்கு வரி கொடுக்கிற வரிதாரர்களுக்கு, இது குடும்பத்துக்கு மட்டும் என்று குழு பிரித்து அனுமதி கொடுக்கலாம். பலர் படம் ஏற்றவும் செய்யலாம்.

அந்தப் பூட்டு ஏன் முக்கியம் என்று கேட்பவர்கள் ஒரு கொடையை நினைத்துப் பார்க்கட்டும். சாமியாடுகிற கோமரத்தாடி அருள் வந்து நிற்கிற நேரத்தில் நாலு பக்கமும் ஃபோன் எடுக்கிறது. அவர் தன் நினைவில் இல்லாத நேரம் அது. ஊருக்குள் அது பக்தி. வெளியே யாரோ ஒருவர் எடுத்துக் கேலிப்படம் ஆக்கிவிட்டால் அந்த மனிதருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் எப்படி இருக்கும்? குலவை இடும் பெண்பிள்ளைகளின் அண்மைப் படமும் அப்படித்தான். கேட்காமல் பொதுவில் போடக் கூடாது. பந்தல், அலங்காரம், கணியான் கூத்து, படையல், கூட்டம் இவை பொது ஆல்பத்துக்குப் போகட்டும். முகம் தெரிகிறதெல்லாம் உள்ளே இருக்கட்டும்.

மூன்றாவது, எந்த மென்பொருளும் பின்னால் ஓடாத வெறும் பக்கங்கள். டிஜிகாமிலேயே படங்களைத் தேர்ந்தெடுத்து, எச்டிஎம்எல் காட்சிக்கூடமாக ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது. சிறு படம், பெரிய படம், நீங்கள் எழுதிய தலைப்பு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு ஃபோல்டராகத் தந்துவிடும். அந்த ஃபோல்டரை ஹோஸ்டிங்கில் ஏற்றினால் தளம் தயார். தரவுத்தளம் இல்லை, கடவுச்சொல் இல்லை, புதுப்பிக்க ஒன்றுமில்லை. பென் டிரைவில் போட்டு இணையமே இல்லாத வீட்டில் திறந்தாலும் ஓடும். கிட்ஹப் பேஜஸ் என்ற இணையச் சேவையில் இலவசமாகவே வைக்கலாம். தளத்துக்கு 1 ஜிபி வரம்பு, அதாவது குறைத்த படம் சுமார் மூவாயிரம். அழித்த படமும் அங்கே பழைய வரலாற்றில் கிடக்கும் என்பதால் தேர்ந்தெடுத்துவிட்டு ஏற்றுவது நல்லது. ஃபோனிலிருந்து சட்டென்று ஒரு படம் சேர்க்க முடியாது, ஆள் பிரித்துப் பூட்டும் எளிதில் போட முடியாது. இவை உண்மையான குறைகள்.

இந்த வழியில் கோப்புப் பெயரைத் தமிழில் வைக்காதீர்கள். படத்தின் பெயர் 'நெல்லையப்பர்' என்று இருந்தால், முகவரியாக வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது அது பெரும்பாலும் 108 குறிகள் நீளமான சதவீதக் குறிக் கூட்டமாக மாறிவிடும். '2025-07-08_0032' என்று எண்ணாகவே இருக்கட்டும். தமிழ் தலைப்பில் இருக்கட்டும், பக்கத்தில் பெரிதாக வரட்டும்.

என் தேர்வு இது. ஒருவரே பார்த்துக்கொள்கிற குடும்பத் தளத்துக்கு, பொதுவில் காட்டக்கூடிய படங்களுக்கு, வெறும் பக்கங்கள். வரிதாரர் பலர் படம் சேர்க்கிற ஊர்க் கொடைக்குப் பிவிகோ. இந்த இரண்டில் எதை எடுத்தாலும் படத்துக்குள் பெயர் எழுதியிருந்தால் மற்றதுக்கு மாறுவது இரண்டு நாள் வேலை.

தளம் என்பது காப்புப் பிரதி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி ஏறி வந்தபோது, அச்சுப் படம் ஒட்டிய ஆல்பங்கள் எத்தனை வீட்டில் ஊறிப் பிசுபிசுத்துப் போயின என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். ஹார்ட் டிஸ்க்கும் கீழ்த்தளத்து அலமாரியில் இருந்தால் அதே கதிதான். மூலப் படங்கள் மூன்று பிரதி வேண்டும். ஒன்று கணினியில், ஒன்று ஹார்ட் டிஸ்க்கில் மாடியில், ஒன்று ஆற்றுக்கு எட்டாத ஊரில். கொடைக்கு ஊருக்கு வருகிற சித்தப்பா திரும்பிப் போகும்போது ஒரு டிஸ்க்கைக் கையில் கொடுத்து அனுப்புங்கள், அடுத்த வருஷம் அவர் கொண்டுவரும்போது புதிய படங்களைச் சேர்த்துக் கொடுக்கலாம்.

தளத்தின் முகவரியான டொமைன் பெயருக்கு வருஷத்துக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டிச் செலவாகும். தனி ஆள் ஒருவரின் ஃபோன் எண்ணிலும் மெயிலிலும் மட்டும் அதை வாங்கினால், அவர் வேலைக்காக வெளிநாடு போய் எண்ணை மாற்றும்போது புதுப்பிப்பு நினைவூட்டல் யாருக்கும் வராது. கொடைக் கணக்கு எழுதுகிற நோட்டிலேயே டொமைன் தேதியையும் ஒரு வரியாக எழுதி, வரிப் பணத்திலேயே சில வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். மெயில் கடவுச்சொல் இரண்டு வீட்டில் இருக்கட்டும்.